தீவில் பகல், கரையில் இரவு

புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது என்பது மேற்குப் பக்கத்து ஊர்க்காரர்களான எங்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. குடுமியான்மலை, அன்னவாசல், இலுப்பூர் பக்கம் பிறந்தவர்களுக்கு ஊர் என்றால் பாறை, கண்மாய், மழையை நம்பின நிலம். சிகாநாதசுவாமி கோயிலில் 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். குன்றேறித் தலைக்கு மேலே செதுக்கியிருக்கும் அறுபத்துமூன்று நாயன்மார்களைப் பார்த்துவிட்டுக் கீழே திரும்பினால் கண்ணுக்கு எட்டிய வரை பனையும் கருவேலமும் கண்மாய்க் கரையும்தான். ஆனால் இதே மாவட்டம் கிழக்கே போய் முடிகிற இடத்தில் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை கிடக்கிறது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், முத்துக்குடா என்று வரிசையாகக் கரை ஊர்கள். அங்கிருந்து தெற்கே ஒரு பகல் பயணத்தில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தொடங்கிவிடுகின்றன.

நான் கிளம்பியதற்குக் காரணம் என் அக்கா மகன். பெங்களூரில் வேலை பார்க்கிறான். நண்பர்கள் இருவரோடு காரில் வந்து இறங்கினான். பின்பக்கம் திறந்தால் இரண்டு கூடாரம், தூங்குபைகள், மடக்கு அடுப்பு. "மாமா, மன்னார் வளைகுடாவுல ஏதாவது ஒரு தீவுல டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கணும்" என்றான். தாய்லாந்தின் சுரின் தீவுகளில் தங்கிவிட்டு வந்தவன் அவன். அங்கே தேசியப் பூங்கா நிர்வாகமே கடற்கரை மரங்களுக்கு அடியில் கூடாரம் வாடகைக்குக் கொடுக்கிறது. நம் கடலிலும் அப்படி ஒரு இரவு வேண்டும் என்று இருபத்தைந்து வயதில் ஒருவன் ஆசைப்படுவது நியாயம்தான். தங்க விடமாட்டார்கள் என்று சொன்னேன். ஏன் விடமாட்டார்கள் என்பதை வீட்டில் உட்கார்ந்து விளக்குவதைவிட இடத்தைக் காட்டிவிடலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மீமிசல். இதுதான் வழி. ஆவுடையார்கோயிலில் இறங்காமல் போக எனக்கு மனம் வராது. அந்தக் கொடுங்கையைக் கல்லில் செய்தார்கள் என்பதை இன்றைக்கும் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனால் பையன்களுக்குக் கடல் அவசரம். மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும் காற்றின் மணம் மாறியது.

பாக் நீரிணைக் கடலை முதலில் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அலை கிடையாது. சேறும் தாழையும் கலந்த கரையை நீர் மெல்லத் தொட்டுவிட்டுப் போகும். ஆழம் குறைந்த கடல். இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து போய் வலை போடுகிறவர்களைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ராமேசுவரம் பக்கத்து மக்கள் இதைப் பெண் கடல் என்றும், பாம்பனுக்குத் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பெண் கடலின் அடியில் விரிந்து கிடப்பது கடற்புல். அதைத் தின்றுதான் ஆவுளியா என்னும் கடற்பசு வாழ்கிறது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்னக்கூடிய பெரிய பிராணி. குட்டிக்குப் பால் கொடுக்கும். மூச்சு வாங்க நீருக்கு மேலே வரும். இந்தியக் கடல் முழுவதிலும் சேர்த்துச் சுமார் 240 ஆவுளியாக்கள்தான் மிஞ்சியிருக்கின்றன என்கிறது அரசு. அவற்றுக்காக 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவுக்காக நாட்டில் அமைந்த முதல் பாதுகாப்பகம் அது. எங்கள் மாவட்டத்துக் கடல் அதில் அடக்கம் என்பது குடுமியான்மலையில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்தக் கரைக்குக் கூட்டிவர வேண்டும். வலையில் தவறி விழுந்த ஆவுளியாவை மீனவர்கள் வலையை அறுத்து விடுவித்த செய்திகள் இந்தக் கரையிலிருந்து பலமுறை வந்திருக்கின்றன. அறுபட்ட வலையின் விலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

தொண்டியைத் தாண்டித் தெற்கே போனால் காரங்காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிற சுற்றுலா இங்கே இருக்கிறது. மீனவர்களே படகு ஓட்டுகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் ஓடும் நீர்வழியில் துடுப்புப் படகும் உண்டு. மதியச் சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைத்தது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் நண்டும் கணவாயும் மீனும் சுடச்சுடக் கிடைக்கும். படகின் எஞ்சினை நிறுத்தியதும் படகோட்டி அண்ணன் கையால் காட்டினார். சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நின்றன அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள். ஒவ்வொரு வேருக்கும் அடியில் சிறு துளை. துளை வாயில் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி ஆட்டும் நண்டு. மரத்தின் இலையை நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு. வேர் வழியே உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிட்டு நல்ல நீரை மரம் வைத்துக்கொள்கிறது. "சுனாமி, புயல்னு எது வந்தாலும் முதல்ல இதுதான் வாங்கிக்கும்" என்றார் அவர்.

பையன்களுக்குக் காரங்காட்டைவிட்டு நகர மனமில்லை. எனக்கும்தான். பெரிய நிறுவனம் எதுவும் வந்து இறங்காமல், ஊர்க்காரர்கள் தங்கள் கடலைத் தாங்களே காட்டி அதில் கொஞ்சம் சம்பாதிக்கிற ஏற்பாடு இது. இங்கே இல்லாதது ஒன்றுதான்: இரவு. வருகிறவர்கள் எல்லாம் மாலையில் ராமநாதபுரத்துக்கோ ராமேசுவரத்துக்கோ போய் விடுதியில் அறை எடுக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக் காசும் அறை வாடகையும் நகரத்துக்குப் போய்விடுகின்றன. இதைப் பிறகு சொல்கிறேன்.

தேவிபட்டினம், ராமநாதபுரம் தாண்டி மண்டபம். இந்த மண்டபம் முகாமைச் சும்மா கடந்துபோக எங்கள் பக்கத்து ஆட்களால் முடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன புதுக்கோட்டை, திருச்சி, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களை நோய்ப் பரிசோதனை செய்து நிறுத்திவைத்து அனுப்பிய இடம் அது. பின்னாளில் இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்த தமிழர்களும் இதே இடத்தில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். என் தாத்தாவின் தங்கை இந்த வழியாகத்தான் பதுளைக்குப் போனார். அவருடைய மகளைப் பற்றிப் பின்னால் வரும்.

பாம்பன் பாலம் கடந்து குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று கொழும்பிலிருந்து வந்த விவேகானந்தர் கரையிறங்கிய இடம் இது. ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். அங்கிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. சீட்டு வாங்கி, ஞெகிழிப் பொருள்களை வெளியே எடுத்துவைத்துவிட்டு ஏறினோம். கூடாரங்கள் காரிலேயே இருந்தன.

விலங்கியல் படித்த தமிழர்களிடம் குருசடை என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். கல்லூரிச் சுற்றுலா என்றால் அந்தக் காலத்தில் மண்டபமும் குருசடையும்தான். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தக் கடலை ஆராய வந்தார். குருசடையின் கரையோர உயிர்களைப் பற்றி அந்த அருங்காட்சியகம் 1927இல் தனி நூலே வெளியிட்டது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் நடுவில் நிற்கிற பலனோகுளோசஸ் என்ற புழு இந்தத் தீவின் மணலில் வாழ்கிறது. பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்ததை உயிரோடு பார்க்கத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் இங்கே வந்தார்கள்.

நாங்கள் இறங்கியபோது நீர் வற்றியிருந்தது. காலுக்குக் கீழே மணலைவிட உடைந்த பவளத் துண்டுகள்தான் அதிகம். நடக்க நடக்கக் கலகலவென்று சத்தம். சிறிய குட்டை ஒன்றின் முன்னால் வழிகாட்டி குனிந்தார். முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது நகர்வது தெரியும். முன்பக்கத்தால் மணலை வாயில் தள்ளிக்கொண்டே போகிறது. பின்பக்கத்தில் சுத்தமான மணல் சரம் சரமாக வந்து விழுகிறது. கடல் அட்டை. கடலடி மண்ணை உழுது புரட்டித் துப்புரவு செய்வது இதன் வேலை. பையன்களில் ஒருவன் கையை நீட்டினான். "தொடாதீங்க தம்பி, இதைப் பிடிச்சா கேஸு" என்றார் வழிகாட்டி. 2001 முதல் இந்தியாவில் கடல் அட்டை பிடிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. இந்தக் கரையில் கடத்தல் வழக்குகளில் பாதி அதைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. செய்தித்தாளைப் பிரித்தால் மாதம் ஒருமுறையாவது கண்ணில் படும்.

தீவின் மறுகோடிக்கு நடந்துபோய்த் திரும்ப அதிக நேரம் ஆகவில்லை. தீவு அவ்வளவுதான் என்று அப்போதுதான் பையன்களுக்கு உறைத்தது. 21 தீவுகளில் பெரியது முயல் தீவு. அதுவே சுமார் 129 ஹெக்டேர். மற்றவற்றில் பல, எங்கள் ஊர்ப்பக்கத்துக் கண்மாய் ஒன்றுக்குள் அடங்கிவிடும். 1986இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது 21 தீவுகளும் நீருக்கு மேலே தெரிந்தனவோ இல்லையோ, இன்று பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்கு அடியில். தூத்துக்குடியை ஒட்டிய வான் தீவு சில பத்தாண்டுகளுக்கு முன்பு சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. கடல் மட்டம் உயர்வது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மனிதக் கை. தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளம் வள்ளமாக ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டட வேலைக்கும் பல பத்தாண்டுகள் அனுப்பினோம். பாறை இருந்தவரை அலை அதில் மோதி உடைந்தது. பாறை போனதும் அலை நேராக மணலில் வந்து விழுந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் பவளம் வெட்டுவது அநேகமாக நின்றது. வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் துளைகள் வைத்த சிமெண்டுக் கட்டமைப்புகளைக் கடலுக்குள் இறக்கினார்கள். வெட்டி எடுத்த பாறைக்கு மாற்றாகச் சிமெண்டைக் கொண்டுபோய்ப் போட வேண்டிய நிலை.

117 வகைப் பவளங்கள் இந்த வளைகுடாவில் பதிவாகியிருக்கின்றன. 2010இலும் 2016இலும் கடல் சூடேறியபோது அவை வெளுத்தன, பல தேறவில்லை. இப்படி இளைத்துக் கிடக்கிற இடத்தில் ஒரு கூடாரம் என்ன செய்துவிடும் என்று கேட்டான் அக்கா மகன். நல்ல கேள்விதான். குடிதண்ணீர் கரையிலிருந்து போக வேண்டும். கழிவு தீவிலேயே இறங்கும். சாப்பாட்டு மிச்சத்துக்கு எலி வரும், படகோடு நாய் வரும். தை, மாசி, பங்குனியில் ஆமைகள் முட்டையிட மணலேறும் காலம். விளக்கைக் கண்டால் தாய் ஆமை திரும்பிவிடும். பொரித்த குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து ஓடும். ஒரு கூடாரத்தைத் தீவு தாங்கும். ஒன்றுக்கு அனுமதி கொடுத்தால் அடுத்த மாதம் ஐம்பது வந்து நிற்கும். தாய்லாந்தே சிமிலன் தீவுகளில் 2018 அக்டோபர் முதல் இரவு தங்குவதை நிறுத்திவிட்டது. அந்தமானில் வண்டூர் கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளைப் பருவம் பார்த்து மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டும். திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவும் அப்படித்தான். வெள்ளைக்காரர் காலத்தில் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பயன்பட்ட அந்தத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. பகல் மட்டும்தான். சிறு தீவுகளைப் பொறுத்தவரை இந்த விதியில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆனால் இந்த விதிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை.

அன்று மாலை பாம்பன் பக்கத்துக் கரை ஊர் ஒன்றில், தெரிந்தவர் வழியாக ஒரு வீட்டில் இறங்கினோம். வீட்டுக்கார அக்கா பாசி எடுக்கிறவர். சேலைக்கு மேலே ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்துவருவது தொழில். மறுநாள் கடலுக்குப் போக வேண்டும் என்பதால் விரலில் சுற்றும் துணிக் கீற்றுகளைக் கிழித்துக்கொண்டே பேசினார். ஒரு விரல் அகலம், ஒரு முழ நீளம். பத்து விரலுக்கும் தனித்தனியாகச் சுற்றி நூலால் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாறை கிழித்துவிடும். சுற்றினாலும் கிழிக்கத்தான் செய்கிறது என்பதை அவர் விரல் நுனிகளே காட்டின. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று வகை பிரித்துச் சொன்னார். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் ஆய்வுக்கூடத்திலும் பயன்படுகிற அகார் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும்தான் வருகிறது.

"முன்னாடியெல்லாம் தீவுலயே தங்கிருவோம் தம்பி. அரிசி, பருப்பு, தண்ணிக் குடம் எல்லாம் வள்ளத்துல ஏத்திக்கிட்டுப் போவோம். ஆறேழு நாள் கழிச்சுத்தான் வீடு திரும்புறது. கைப்பிள்ளைக்காரியும் வருவா. மரத்துல தொட்டில் கட்டிப் போட்டுட்டுக் கடல்ல இறங்குவோம்" என்றார். "இப்ப காத்து மாறி அடிச்சாக்கூடத் தீவுல ஏற யோசனையா இருக்கு."

பையன்கள் மூவரும் பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள். தீவில் இரவு தங்குவது இவர்களுக்கு விடுமுறைக் கனவாக இருந்ததில்லை. பிழைப்பின் ஒரு பகுதி. பூங்கா வந்து அந்த இரவுகளை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதற்கு ஈடாக என்ன கொடுத்தது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். பெண்களோ பூங்காவோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது, பாறையைக் கீறாமல் கையாலேயே பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீக்காலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது. கடலைக் காப்பவர் யார் என்று பாடப்புத்தகத்தில் எழுதும்போது இந்தப் பெண்களின் பெயரையும் எழுத வேண்டும்.

கூடாரங்களைக் கடைசியில் அந்த வீட்டு முற்றத்தில், தென்னைக்கு அடியில் அடித்தோம். விளமீன் குழம்பும் சோறும். கரையில் வாடி போட்டிருந்த பெரியவர் ஒருவர் சாப்பிட்ட பிறகு வந்து உட்கார்ந்தார். காற்று சொன்னார். வாடை அடிக்கிற ஐப்பசி முதல் தை வரை பெண் கடல் பொல்லாததாகிவிடும், ஆண் கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் அடிக்கிற வைகாசி முதல் ஆவணி வரை அப்படியே தலைகீழ். தீவுக்குப் போகிறவன் நாள்காட்டியைப் பார்த்துப் பயனில்லை, காற்றைப் பார்க்க வேண்டும் என்றார். கைவிளக்கை அணைத்துவைக்கச் சொன்னார், ஆமைக்காலம். இரவு மூன்று மணிக்கு வள்ளங்களைத் தள்ளும் சத்தம் கேட்டு விழித்தபோது பையன்கள் ஏற்கெனவே கரையில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். காலையில் காசு கொடுத்தபோது அக்கா வாங்க மறுத்தார். அறை வாடகைக்கு ஆகியிருக்கக்கூடியதைக் கணக்குச் சொல்லி, வற்புறுத்தித்தான் கொடுக்க முடிந்தது.

பூங்காவுக்குள் தமிழர்கள் முறையாக இரவு தங்கி நடக்கிற இடம் ஒன்று உண்டு. அது இலங்கையில். கதிர்காமத்து முருகன் கோயிலுக்குப் போகும் பாதயாத்திரை வழி.

பதுளையில் இருக்கும் அத்தை, மண்டபம் வழியாகப் போன பாட்டியின் மகள், அறுபது வயதுக்கு மேல் அந்த நடை நடந்தார். உகந்தை வரை நான் கூடப் போனேன். பொத்துவிலுக்குத் தெற்கே பாணமை தாண்டினால் உகந்தைமலை முருகன் கோயில்; கடலை ஒட்டிப் பாறைக் குன்றுகள், பாறை மேலே சுனைகள். குடுமியான்மலையில் வளர்ந்தவனுக்கு அந்தப் பாறையைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. கோயிலுக்குப் பக்கத்திலேயே குமன தேசியப் பூங்காவின் வாசல். 1970இல் கிழக்கு யால என்ற பெயரில் பூங்காவாகி, போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்து, 2006இல் குமன என்று பெயர் மாறிய காடு அது. அதற்குத் தெற்கே 1938இலேயே பூங்காவான யால. ஆனை, சிறுத்தை, கரடி மூன்றும் உண்டு.

ஆடித் திருவிழாவை ஒட்டிக் குறிப்பிட்ட சில நாள்களுக்கு மட்டும் அந்த வாசல் காலால் நடந்துபோகிறவர்களுக்குத் திறக்கும். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகக் கிழக்குக் கரையோடு வாரக்கணக்கில் நடந்து வந்தவர்களும், உகந்தையில் சேர்ந்துகொள்கிறவர்களும் ஆயிரக்கணக்கில் காட்டுக்குள் இறங்குவார்கள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; எல்லாரும் சாமி. போரில் அறுந்துபோன நடையை 1988இல் மீண்டும் தொடங்கிவைத்தவர்களில் பேட்ரிக் ஹரிகன் என்ற அமெரிக்கரும் ஒருவர்.

அத்தை சொன்ன ஊர்ப்பெயர்கள் இன்னும் காதில் இருக்கின்றன: குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். ஐந்தாறு நாள் நடை. பொழுது சாய்வதற்கு முன் ஆற்றங்கரையில் கூட்டமாக இறங்கிவிட வேண்டும். வற்றிய மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள். மரத்தடியில் சேலையை விரித்துப் படுக்கை. குழுவுக்கு ஒரு அடுப்பு. இரவில் யாரும் தனியாக ஒதுங்குவதில்லை. ஆனை வந்தால் ஓடாமல் அரோகரா சொல்லி நிற்பார்கள். "பயமா இல்லையா அத்தே?" என்று கேட்டேன். "காடு அவனோடது, நான் வழிப்போக்கி. அது நினைப்புல இருந்தா பயம் வராது" என்றார். கூட்டம் பெருகப் பெருகக் குப்பையும் பெருகியிருக்கிறது என்று அவரே வருத்தப்பட்டார். ஆனாலும் நாள் குறித்து, வழி குறித்து, இறங்கும் இடம் குறித்துக் காட்டுக்குள் இரவு தங்கும் பழக்கம் நம் மக்களுக்குப் புதிது இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். யாலவிலும் வில்பத்துவிலும் இலங்கை வனவிலங்குத் துறை கூடாரம் அடிக்க இடம் ஒதுக்கி முன்பதிவும் வைத்திருக்கிறது. அவை பெருநிலத்துக் காடுகள். சிறு தீவுகளுக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது.

நம் பக்கத்தில் அதற்கு நிகரான இடம் கோடியக்கரைதான். பாம்பனிலிருந்து ஊர் திரும்பாமல் வடக்கே வேதாரண்யம் வரை போனோம். 1967இல் சரணாலயமான காடு. 2002 முதல் ராம்சார் ஈரநிலம். உலர்ந்த பசுமைமாறாக் காட்டை விட்டு வெளியே வந்தால் புல்வெளி. புல்வெளியில் வெளிமான் கூட்டம். அதற்கு அப்பால் உப்பளமும் பூநாரைகளும். சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளுக்கு வளையமிட்டு வலசை ஆய்ந்த இடம். காட்டுக்குள் கூடாரத்துக்கு இடமில்லை. வனத்துறையின் பூநாரை இல்லத்தில் தங்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்த வழியாகத்தான் ஏறியது. சாய்ந்த மரங்களின் அடித்தூர்கள் இன்னும் தெரிகின்றன. அதே காற்றுதான் எங்கள் மாவட்டத்துக்குள்ளும் புகுந்து தென்னையையும் மின்கம்பத்தையும் சாய்த்தது. கடல் எங்களுக்குத் தூரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த இரவில் அது எவ்வளவு பக்கம் என்று தெரிந்தது.

இனி நான் கேட்பது. தீவுகளில் கூடாரத்துக்கு அனுமதி வேண்டும் என்று குரல்கள் வருகின்றன. அரசு அதற்கு இணங்கவே கூடாது. அதே சமயம் கரை ஊர்களில் இரவு தங்க ஏற்பாடு செய்ய வேண்டும். காரங்காடு, சின்னப்பாலம், முத்துக்குடா, மணமேல்குடி போன்ற ஊர்களில் பாசி எடுக்கும் பெண்களின் குழுவோ மீனவர் சங்கமோ நடத்தும் சிறு முகாம்கள் போதும். பத்துக் கூடாரத்துக்கு இடம், சுத்தமான கழிப்பறை, ஊர்ச் சமையல், கரைப்பக்கம் விளக்கில்லாத இரவு. தீவிலிருந்து இறக்கிவிடப்பட்ட பெண்களுக்குப் பூங்கா திருப்பிச் செலுத்த வேண்டிய கடனில் ஒரு பங்கையாவது இப்படிக் கொடுக்கலாம். ஆவுளியா பாதுகாப்பகம் அறிவித்துவிட்ட பிறகு புதுக்கோட்டை மாவட்டத்தின் 42 கிலோமீட்டர் கரையில் இதைத் தொடங்குவதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வாசகர்களுக்கு: குருசடைக்குப் போவதானால் தை பிறந்து பங்குனி முடிவதற்குள் போங்கள், கடல் அடங்கியிருக்கும். படகு விடுகிறார்களா என்று முதல் நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பவளத் துண்டு ஒன்றைக்கூட எடுத்துவராதீர்கள்; அது சட்டப்படி குற்றம். இரவு ராமேசுவரத்து விடுதிக்கு ஓடாமல் கரை ஊரில் ஒரு வீட்டைக் கேட்டுத் தங்குங்கள், அறை வாடகையைக் குறைக்காமல் அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள்.